யார் இந்த ஃபாஸ்டோ கோப்பி? இத்தாலியே கொண்டாடிய சைக்கிள் வீரரை 40 வயதில் பலிவாங்கிய கொசுக்கடி

ஊர்த் திடலில் கம்பம் நட்டு, கயிறு கட்டி, ட்யூப்லைட் போட்டு, ஒருத்தர் ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிள் ஓட்டுவார். குளிப்பது, சாப்பிடுவது எல்லாமே சைக்கிள் மேலேயே. ராத்திரி ஆனால் மைக் செட் பாட்டு, சாகசம். பார்க்க வந்தவர்கள் ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்திவிட்டுப் போவார்கள். அவிநாசி, பல்லடம், தாராபுரம் பக்கம் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது.

நம்ம பக்கம் சைக்கிள் வீரர் என்றால் அவர்தான். அந்தத் திடலைத் தாண்டி அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இத்தாலியில் கதையே வேறு. அங்கே ஒரு சைக்கிள் வீரர் மலையேறினால் நாடே ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தது. அவருடைய காதல் விவகாரம் கோர்ட் வரை போனது. அவருக்குக் காய்ச்சல் வந்து இறந்தபோது ஒரு குட்டி மலைக் கிராமம் கூட்டத்தில் மூழ்கியது. அவர் பெயர் ஃபாஸ்டோ கோப்பி.

இவ்வளவு புகழ் இருந்தும் கடைசி நாட்களில் அவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் நடக்கவில்லை. அது எப்படி?

கறிக்கடைப் பையன்

1919 செப்டம்பர் 15. வடக்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் காஸ்தெல்லானியா என்ற மலைக் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார் கோப்பி. ஒல்லி உடம்பு. படிப்பில் பெரிய நாட்டமில்லை. 13 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, நோவி லிகுரே என்ற ஊரில் ஒரு கறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

வேலை என்ன தெரியுமா? சைக்கிளில் வீடு வீடாகக் கறி கொண்டுபோய்க் கொடுப்பது. ஏற்றம், இறக்கம் நிறைந்த ஊர். தினமும் அதே மிதி. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு ஹெல்பராகப் போன பிள்ளைகளை நிறையப் பார்த்த ஊர் திருப்பூர். கோப்பியின் தொடக்கத்தை இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலில் அதிகாரியாக இருந்த அவருடைய சித்தப்பாவும் அப்பாவும் காசு போட்டுக் கொடுத்ததில் ஒரு பந்தய சைக்கிள் வந்தது. சித்தப்பா பெயரும் ஃபாஸ்டோதான். 15 வயதில் முதல் பந்தயம், முதல் வெற்றி. பரிசு 20 லிரா பணமும் ஒரு சலாமி சாண்ட்விச்சும்.

கண் தெரியாதவர் கண்டுபிடித்த வீரர்

நோவி லிகுரேயில் பியாஜியோ கவான்னா என்று ஒருவர் இருந்தார். பழைய குத்துச்சண்டைக்காரர். பார்வை போய்விட்டது. அதன் பிறகு சைக்கிள் வீரர்களுக்கு மசாஜ் செய்து பிழைத்தார். சும்மா மசாஜ் இல்லை. தொடையையும் முதுகையும் கையால் தடவிப் பார்த்தே ஒரு பையன் எவ்வளவு தூரம் போவான் என்று சொல்லிவிடுவார் என்று பேர். அதே ஊரைச் சேர்ந்த கோஸ்டான்டே ஜிரார்தெங்கோ என்ற முந்தைய தலைமுறை நட்சத்திரமும் அவர் கைக்குள் வளர்ந்தவர்தான்.

அந்தக் கையில் வந்து விழுந்தார் கறிக்கடைப் பையன்.

நடக்கும்போது பார்த்தால் கோப்பியை விளையாட்டு வீரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீண்ட கால், கூடு மாதிரி புடைத்த நெஞ்சு, குறுகிய தோள். சைக்கிளில் ஏறினால் மட்டும் ஆளே மாறிவிடுவார். இத்தாலிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் கொக்கு. தரையில் தத்தித் தத்தி நடக்கும், பறக்கும்போதுதான் அழகு தெரியும் இல்லையா? அதனால்தான்.

கவான்னா அந்த உடம்பைப் பழக்கினார். எப்போது தூங்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எந்த நாளில் எவ்வளவு வேகத்தில் மிதிக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. வயிறு நிறைய மாமிசம் தின்றால்தான் பலம் என்று மற்ற வீரர்கள் நம்பிய காலத்தில் கோப்பி காய்கறி, பழம், மாவுச்சத்து என்று போனார். இன்று ஜிம்மில் டயட் சார்ட் கொடுக்கிறார்களே, அந்த யோசனையை சைக்கிள் பந்தயத்துக்குள் முழுசாகக் கொண்டுவந்தவர்களில் இவர் முக்கியமானவர்.

20 வயதில் சாம்பியன், மறுநாள் போர்

இங்கே ஒரு சின்ன விளக்கம். இத்தாலியில் ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் தொடங்கி சுமார் மூன்று வாரம் நடக்கும் பந்தயம் ஜிரோ டி இத்தாலியா. தினமும் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஓட்ட வேண்டும். மொத்த நேரத்தைக் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கு பிங்க் ஜெர்சி. பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை பிங்க் காகிதத்தில் அச்சாவதால் அந்த நிறம். பிரான்ஸில் ஜூலையில் நடக்கும் டூர் டி பிரான்ஸில் மஞ்சள் ஜெர்சி.

1940 ஜிரோவில் கோப்பி தலைவர் இல்லை, தொண்டர். லெனியானோ அணியின் ஸ்டார் ஜீனோ பார்தாலி. அவருக்குத் தண்ணீர் கொண்டுவருவது, காற்றை மறைத்துக்கொண்டு முன்னால் ஓட்டுவது, டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது, இதற்காகத்தான் 20 வயசுப் பையனை எடுத்தார்கள். பந்தயம் தொடங்கிய சூட்டோடு, ஒரு நாய் குறுக்கே வந்து பார்தாலி விழுந்தார். நேரம் போச்சு. சில நாள் கழித்து மழையில் ஒரு மலையில் கோப்பி தனியாகக் கிளம்பினார். பிங்க் ஜெர்சி அவர் தோளுக்கு வந்தது. கடைசி வரை இறங்கவில்லை. ஜிரோ வென்றவர்களிலேயே மிக இளையவர் அவர்.

பந்தயம் முடிந்தது ஜூன் 9. ஜூன் 10-ம் தேதி முசோலினி போரை அறிவித்தார்.

ஒரு வீரரின் உச்ச வயது 20-லிருந்து 26 வரை என்று வைத்துக்கொண்டால், கோப்பிக்கு அதில் பாதிக்கு மேல் போரில் போய்விட்டது. 1942 நவம்பரில், குண்டுவீச்சுக்கு ஆளாகிக்கொண்டிருந்த மிலன் நகரின் வெலோட்ரோமில் ஒரு மணி நேரத்தில் சுமார் 45.8 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை வைத்தார். 1956 வரை அதை யாராலும் தொட முடியவில்லை. சாதனை வைத்த சில மாதங்களில் ராணுவம் அவரை வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு, போர்க்கைதி ஆனார். 1945-ல்தான் வீடு திரும்பினார்.

ரேடியோவில் பாட்டு போட்ட கதை

போர் முடிந்த இத்தாலியில் ரோடு கிடையாது, பாலம் கிடையாது, ரொட்டிக்கே வரிசை. அந்த நேரத்தில் 1946 மார்ச்சில் மிலனிலிருந்து சான் ரெமோ வரை 290 கிலோமீட்டருக்கும் மேல் பந்தயம் மறுபடி தொடங்கியது. கோப்பி இப்போது பியாங்கி அணியில். கிளம்பிய சில கிலோமீட்டரிலேயே ஒரு சின்னக் கூட்டத்தோடு பிரிந்து போனார். பாதி வழியில் துர்கினோ மலையில் கூட இருந்தவர்களையும் விட்டுவிட்டார். அதன் பிறகு தனியாகவே போய் முடித்தார். இரண்டாவது ஆள் வர 14 நிமிடம் ஆனது.

அந்த இடைவெளியில் சொல்ல எதுவும் இல்லாமல், அடுத்தவர் வரும்வரை பாட்டு கேளுங்கள் என்று ரேடியோக்காரர் டான்ஸ் மியூசிக் போட்டுவிட்டார் என்று இன்றும் அங்கே ஒரு கதை சொல்வார்கள்.

கோப்பியின் ஸ்டைல் இதுதான். கடைசி நூறு மீட்டரில் முந்துகிறவர் இல்லை. தூரத்தில் கிளம்பி, தனியாகப் போய், தனியாக வந்து சேர்கிறவர். டி.வி. வராத நாட்டுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஒருத்தர் மட்டும் முன்னால் போகிறார் என்று ரேடியோவில் கேட்டால் போதும், மீதியை அவரவர் மனசிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

அதன் உச்சம் 1949 ஜூன் 10. ஜிரோவில் கூனியோவிலிருந்து பினரோலோ வரை 254 கிலோமீட்டர், நடுவில் ஆல்ப்ஸின் ஐந்து மலைக் கணவாய்கள். முதல் மலையிலேயே கோப்பி கிளம்பிவிட்டார். 192 கிலோமீட்டர் தன்னந்தனியாக! திருப்பூரிலிருந்து மதுரைக்குப் போகிற தூரத்தை, நடுவில் ஊட்டி மலை மாதிரி திரும்பத் திரும்ப ஏறி இறங்கி, யாரும் துணைக்கு இல்லாமல் ஓட்டிய மாதிரி. பஞ்சர் ஆனது, நின்றார், மறுபடி ஓட்டினார். இரண்டாவது வந்தவருக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட 12 நிமிட இடைவெளி.

இரண்டாவது வந்தவர் யார்? பார்தாலி.

எம்.ஜி.ஆர்., சிவாஜி மாதிரி

அந்த ஊரில் அப்போது இரண்டே கட்சி. கோப்பி கட்சி, பார்தாலி கட்சி. நம்ம ஊரில் எம்.ஜி.ஆர். ரசிகர் வீட்டில் சிவாஜி படத்தைப் பற்றிப் பேச முடியாதே, அப்படி. டீக்கடையில் ஆரம்பித்துக் கல்யாண வீடு வரை சண்டை.

பார்தாலி டஸ்கனிக்காரர், தீவிர கத்தோலிக்கர், சிகரெட் பிடிப்பவர், ஓயாமல் புலம்புபவர். கிராமமும் தேவாலயமும் அவர் பக்கம். கோப்பி அமைதியானவர், புது மாதிரி பயிற்சி, புது மாதிரி சாப்பாடு. தொழிற்சாலை நகரங்களின் இளைஞர்கள் அவர் பக்கம். ஒருவரை வலதுசாரிகளும் மற்றவரை இடதுசாரிகளும் தமதாக்கிக்கொண்டார்கள். உண்மையில் கோப்பிக்கு அரசியலில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. ரசிகர்கள்தான் கொடி கட்டினார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்தாலி வெறும் வில்லன் இல்லை. போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி ஆவணங்களைத் தன் சைக்கிள் ஃபிரேமுக்குள் சுருட்டி வைத்து, பயிற்சிக்குப் போவதுபோல் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர். உயிரோடு இருந்தவரை அதைப் பெரிதாக வெளியே சொல்லவில்லை. 2013-ல்தான் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரைக் கௌரவித்தது.

போட்டி சில நேரம் சிறுபிள்ளைத்தனமாகவும் போனது. 1948 உலக சாம்பியன்ஷிப்பில் ஒருவரை ஒருவர் ஜெயிக்கவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே ஓட்டி, கடைசியில் இரண்டு பேருமே பந்தயத்தை விட்டு இறங்கிவிட்டார்கள். இத்தாலிய சைக்கிள் சங்கம் இருவரையும் சஸ்பெண்ட் செய்தது.

அடுத்த ஆண்டே டூர் டி பிரான்ஸில் இருவரும் ஒரே தேசிய அணியில். கோப்பிக்கு அதுதான் முதல் டூர். சான் மாலோ போகும் வழியில் விழுந்து, சைக்கிள் உடைந்து, வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றுவிட்டார். மேனேஜர் ஆல்ஃபிரடோ பிண்டா பேசிப் பேசித் தேற்றினார். அப்போது முதலிடத்தில் இருந்தவரைவிட அவர் அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி இருந்தார். ஆல்ப்ஸ் மலை வந்ததும் கணக்கு தலைகீழானது. ஜூலை 18 அன்று இருவரும் சேர்ந்தே மலையைக் கடந்தார்கள். அன்று பார்தாலிக்கு 35-வது பிறந்தநாள். கோப்பி அவரை முதலில் போகவிட்டார். மறுநாள் பார்தாலிக்குப் பிரச்சினை வந்து பின்தங்க, கோப்பி தனியாகக் கிளம்பினார். பாரிஸில் மஞ்சள் ஜெர்சி கோப்பிக்கு. பார்தாலி மறுபடி இரண்டாவது.

ஒரே ஆண்டில் ஜிரோவையும் டூரையும் வென்ற முதல் மனிதர் கோப்பி. 1952-ல் மறுபடியும் இரண்டையும் வென்றார்.

1952 டூரில் எடுத்த ஒரு போட்டோ இன்றும் இத்தாலியில் பிரபலம். மலை ஏற்றத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை மற்றவருக்குக் கொடுக்கிறார். ஒருவர் கோப்பி, ஒருவர் பார்தாலி. பாட்டிலை யார் யாருக்குக் கொடுத்தார்? இருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. 70 ஆண்டாக அந்த ஊரில் வாக்குவாதம் ஓடுகிறது.

ஜெர்சியின் கதை

கோப்பி போட்டது கம்பளி நூலில் பின்னிய ஜெர்சி. மழையில் தண்ணீர் குடித்துக் கனக்கும், வெயிலில் அரிக்கும். சட்டையை ஜெர்சி என்று ஏன் சொல்கிறோம்? ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் ஜெர்சி தீவு கம்பளிப் பின்னலுக்குப் பேர்போனது, அதனால். நிட்டிங் மெஷினில் ஓடும் சிங்கிள் ஜெர்சி துணிக்கும் அதே தீவின் பெயர்தான். திருப்பூரில் தினமும் டன் கணக்கில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆர்டர் ஓடுகிறது. இன்னொரு தொடர்பும் உண்டு. 1978-ல் வெரோனா என்ற இத்தாலி வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி திருப்பூர் வந்ததிலிருந்துதான் இந்த ஊரின் ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவார்கள். கோப்பியை ரேடியோவில் கேட்டு வளர்ந்த நாட்டிலிருந்து வந்த ஆர்டர் அது.

மஞ்சள் ஜெர்சியைப் பார்த்து அழுதவர்

தனியாக ஜெயித்தார், தனியாக ஜெயித்தார் என்று சொல்கிறோமே, அதில் பாதிதான் உண்மை. கோப்பிக்குப் பின்னால் ஒரு படையே இருந்தது. தண்ணீர் எடுப்பவர், சக்கரம் கொடுப்பவர், காற்றைத் தாங்குபவர். கவான்னாவே தேடிப் பிடித்துப் பழக்கிய உள்ளூர்ப் பையன்கள்.

அவர்களில் ஒருவர் சாண்ட்ரினோ கரேயா. நாஜி வதை முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். 1952 டூரில் ஒரு நாள், எதிரணி ஆட்களைக் கண்காணிக்க முன்னால் ஓடிய கூட்டத்தோடு சேர்ந்து போனார். அந்தக் கூட்டம் வெகுநேரம் முன்னால் வந்துவிட்டதில், மஞ்சள் ஜெர்சி அவருக்கே வந்துவிட்டது. எந்த வீரருக்கும் கனவு அது. கரேயா என்ன செய்தார் தெரியுமா? அழுதார். தலைவருக்குச் சேர வேண்டியதைத் தான் எடுத்துக்கொண்டதாக நினைத்து, கோப்பி என்ன சொல்வாரோ என்று பயந்து அழுதார். கோப்பி சிரித்துக்கொண்டே வாழ்த்தினார். மறுநாளே ஜெர்சியைத் தானே எடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்!

அந்த மறுநாள்தான் ஆல்ப் டுவெஸ். 21 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறியவர்கள் இது என்ன பெரிசு என்று கேட்கலாம். ஆனால் இது கார் பயணம் இல்லை, 250 கிலோமீட்டருக்கும் மேல் மிதித்த பிறகு வரும் ஏற்றம். டூர் வரலாற்றில் மலை உச்சியில் ஒரு நாள் பந்தயம் முடிந்தது அதுதான் முதல் முறை. அந்த ஆண்டு அப்படி மூன்று உச்சிகள். மூன்றிலும் கோப்பியே முதல். கடைசியில் இரண்டாவது வந்தவரைவிட 28 நிமிடம் முன்னால். பந்தயம் சப்பென்று ஆகிவிடுமோ என்று பயந்த அமைப்பாளர்கள், இரண்டாம் இடத்துக்கான பரிசுத்தொகையை நடுவிலேயே இரட்டிப்பாக்கினார்கள்.

மாத்திரை விஷயத்தையும் மறைக்க முடியாது. அந்தக் கால வீரர்கள் பலரைப்போல கோப்பியும் ஊக்க மாத்திரை எடுத்தவர். கேட்டவர்களிடம் ஒளிக்கவும் இல்லை. அப்போது அதற்குத் தடை கிடையாது. இன்றைய விதிப்படி பார்த்தால் அவருடைய பல வெற்றிகள் கேள்விக்குள்ளாகும். ரசிகர்கள் இதைக் கேட்க விரும்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை.

தம்பியின் சாவு

கோப்பிக்கு நான்கு வயது இளைய தம்பி செர்சே. அவரும் சைக்கிள் வீரர், அதே அணி. அண்ணன் ரொம்ப உள்ளொடுங்கியவர், தம்பி கலகலப்பு. அண்ணனின் மன பலமே தம்பிதான் என்று கூட ஓட்டியவர்கள் சொல்வதுண்டு.

1951 ஜூன் 29, டுரின் நகரில் ஒரு பந்தயத்தின் கடைசிக் கட்டம். செர்சேயின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கி விழுந்தார். எழுந்து, பந்தயத்தை முடித்து, ஹோட்டலுக்கும் போனார். ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தலைக்குள் ரத்தக்கசிவு. அன்றே இறந்துபோனார்.

சில நாட்களில் டூர். கோப்பி போனார், ஆனால் அது கோப்பி இல்லை. ஒரு நாள் வெயிலில் வாந்தி எடுத்து, பந்தயத்தை விட்டே வெளியேற்றப்படும் அளவுக்குப் பின்தங்கினார். பத்தாவதாக முடித்தார்.

வெள்ளை உடைப் பெண்

1953-ல் ஜிரோவின் கடைசிக்கு முந்தைய நாள், ஸ்டெல்வியோ கணவாய். 2,750 மீட்டருக்கும் மேல். நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதன்மேல் பனிச்சுவர்களுக்கு நடுவில் ஏறி, கையைவிட்டுப் போயிருந்த ஜிரோவை மீட்டார். அவருக்கு அது ஐந்தாவது ஜிரோ. அதே ஆண்டு ஆகஸ்டில் லுகானோவில் உலக சாம்பியன்.

லுகானோவில் பரிசு வாங்கியபோது எடுத்த போட்டோவில் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார். அதுதான் பிரச்சினையின் தொடக்கம்.

பெயர் ஜூலியா ஒக்கீனி. ஒரு டாக்டரின் மனைவி, இரண்டு குழந்தைகளின் அம்மா. அந்த டாக்டரே கோப்பியின் தீவிர ரசிகர். ஆட்டோகிராஃப் வாங்க மனைவியைக் கூட்டிப்போனவரும் அவர்தான். கோப்பிக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி புரூனா, மகள் மரீனா. அடுத்த ஆண்டு ஜூலியா வெள்ளைக் கோட்டில் வந்ததைப் பார்த்த ஒரு பிரெஞ்சு நிருபர் வெள்ளை உடைப் பெண் என்று எழுத, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அன்றைய இத்தாலியில் விவாகரத்துக்குச் சட்டமே இல்லை. கள்ள உறவு கிரிமினல் குற்றம். நம்ம நாட்டிலும் 497-வது பிரிவு என்று ஒன்று இருந்து, 2018-ல்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது ஞாபகம் இருக்கும். இங்கே தண்டனை ஆணுக்கு மட்டும். அங்கே சட்டம் முதலில் பாய்ந்தது பெண் மேல். 1954-ல் கணவர் புகார் கொடுக்க, ஜூலியா சில நாள் ஜெயிலில் இருந்தார். பிறகு வேறு ஊரில் உறவினர் வீட்டில் தங்கச் சொல்லி உத்தரவு. கோப்பியின் பாஸ்போர்ட் பறிபோனது. 1955 மார்ச்சில் தீர்ப்பு: கோப்பிக்கு 2 மாதம், ஜூலியாவுக்கு 3 மாதம், இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. வாத்திக்கானும் அதிருப்தியை வெளிக்காட்டியது. சாலையோரம் கைதட்டிய அதே ஜனம் திட்டவும் தொடங்கியது.

1955 மே மாதம் மகன் ஃபாஸ்டினோ பிறந்தான். இத்தாலியில் பிறந்தால் சட்டப்படி ஜூலியாவின் கணவர் பெயர்தான் அப்பா இடத்தில் வரும். அதனால் பிரசவத்துக்காக அர்ஜென்டினா வரை போனார்கள். பெற்ற பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுக்க கடல் தாண்ட வேண்டி இருந்தது. இத்தாலியில் அந்தச் சட்டங்கள் 1968, 69-ல்தான் ரத்தாயின. விவாகரத்துச் சட்டம் 1970-ல். கோப்பி அதற்குள் போய்ச் சேர்ந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது.

விளையாட்டும் இறங்குமுகம்தான். 1955 ஜிரோவை 13 விநாடியில் தவறவிட்டார். 1956-ல் லோம்பார்டி பந்தயத்தில் மறுபடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். காரில் வந்த ஜூலியா, பின்தங்கியிருந்த ஃபியோரென்சோ மாக்னியைப் பார்த்து ஏளனமாக ஏதோ செய்ய, மாக்னி வெறியோடு துரத்திக் கூட்டத்தையே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். கடைசி மீட்டர்களில் கோப்பி தோற்றார். அழுதார்.

அப்போதே ஓய்வு பெற்றிருக்கலாம். பெறவில்லை. பணத் தேவையா, பழக்கமா, வீட்டைவிட்டு வெளியே இருக்கும் ஆசையா, ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். 40 வயதிலும் சின்னச் சின்னக் காட்சிப் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டே இருந்தார். 1960 சீசனுக்கு ஒரு புது அணியிலும் கையெழுத்துப் போட்டார். அந்த அணிக்கு மேனேஜர் யார்? பார்தாலி!

ஒரே அறை, ஒரே கொசு

1959 டிசம்பர். மேற்கு ஆப்பிரிக்காவில் அப்போது மேல் வோல்டா என்ற பெயரில் இருந்த, இன்றைய புர்கினா ஃபாசோவுக்கு அழைப்பு. அந்நாட்டுத் தலைவர் மோரிஸ் யமேயோகோவின் அழைப்பு அது. ஜாக் ஆன்கெட்டில், ரஃபேல் ஜெமினியானி போன்ற பிரெஞ்சு நட்சத்திரங்களோடு வாகடூகு நகரில் ஒரு காட்சிப் பந்தயம். பிறகு இரண்டு நாள் வேட்டை. கோப்பியும் ஜெமினியானியும் ஒரே அறையில் தங்கினார்கள். ராத்திரி முழுக்கக் கொசு.

இருவரும் ஊர் திரும்பினார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இருவருக்கும் காய்ச்சல்.

இந்த இடத்தில் மலேரியா பற்றிக் கொஞ்சம். கொசு கடித்த உடனே காய்ச்சல் வராது. மிக ஆபத்தான ஃபால்சிபாரம் வகையில் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் ஆள் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்பார். டாக்டர் பயண விவரம் கேட்க வேண்டும், இல்லை நோயாளி சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். கோப்பி காலத்திலும் மைக்ராஸ்கோப் இருந்தது, மருந்தும் இருந்தது.

பிரான்ஸில் அதுதான் நடந்தது. ஜெமினியானியின் ரத்தம் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக்குப் போனது. மலேரியா என்று பதில் வந்தது. நினைவிழந்து கிடந்தவருக்கு குயினைன் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

இத்தாலியில் கோப்பியைப் பார்த்த டாக்டர்கள் ஃப்ளூ, நுரையீரல் தொற்று என்ற திசையிலேயே போனார்கள். ஜெமினியானியின் வீட்டிலிருந்து போன் போட்டு மலேரியா என்று சொல்லியும் அவர்கள் ஏற்கவில்லை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆப்பிரிக்கா போய் வந்தவர் என்பது நாட்டுக்கே தெரியும். தோர்தோனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. 1960 ஜனவரி 2 காலை இறந்தார். வயது 40.

கொடுமை என்னவென்றால், மலேரியா என்ற சொல்லே இத்தாலியச் சொல். கெட்ட காற்று என்று பொருள். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, மனிதனுக்கு அதைப் பரப்புவது அனாஃபிலிஸ் கொசுதான் என்று நிரூபித்த குழுவின் தலைவர் ஜொவான்னி பத்திஸ்தா கிராசி. அவர் இத்தாலிக்காரர்.

இன்று எங்கே இருக்கிறார் கோப்பி?

காஸ்தெல்லானியா மலையில், தம்பி செர்சேக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ஜனவரிக் குளிரில் பல்லாயிரம் பேர் மலைப்பாதையில் நடந்தே ஏறினார்கள். திட்டியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பார்தாலியும் வந்திருந்தார்.

1965 முதல் ஜிரோவில் ஒவ்வொரு ஆண்டும் வரும் மிக உயரமான இடத்துக்கு கோப்பி சிகரம் என்று பெயர். 2019-ல், அவர் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, நூறு பேர்கூடத் தேறாத அந்தக் கிராமம் தன் பெயரையே காஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றிக்கொண்டது.

அதே அறையில் படுத்து, அதே கொசுக்கடி பட்ட ஜெமினியானி 2024 ஜூலையில் இறந்தார். அவருக்கு வயது 99.